சனிக்கிழமை வந்து கேளு

ஆகஸ்ட் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ ஒருவழியாகப் போனை எடுத்தாய். "போன்ல பேசினா நீங்க பேச்ச மாத்திடுவீங்கப்பா. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. எழுத்துல மாத்த முடியாது" என்று சொல்லி வைத்தும் விட்டாய். சரி. காலமெல்லாம் கரும்பலகையில் எழுதிய கை இது. எழுதச் சொன்னால் பயப்படுகிற ஆள் நான் இல்லை.

எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, திறந்தால் மூடாத ஒரு ஜன்னல். கீழே ஒரு தையல்காரர் குடியிருக்கிறார். முதல் நாள் சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்து, சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டே கதவைத் தட்டிவிட்டு நின்றேன். பழக்கதோஷம். தையல்காரர் எட்டிப் பார்த்து, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "யாரும் இல்லை" என்றேன். அதிலிருந்து மனிதர் என்னைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பார்க்கிறார்.

என் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. எங்களுக்கு நடுவில் இருப்பது இரண்டு பக்கமும் அரைகுறையான இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு, ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று படம் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பத்துப் பதினோரு வயதுதான் இருக்கும். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற தோரணையைப் பார்த்தால், நாலு பேருக்கு நியாயம் சொல்லிவிட்டு நேரே வகுப்புக்கு வந்தவள் மாதிரி இருக்கும். நான் அவளுக்குப் 'பெரிய மனுஷி' என்று பெயர் வைத்துவிட்டேன்.

"சார், கடைசி பஸ் எங்களையெல்லாம் எறக்கி விட்டுட்டு எங்க போகுது?" என்றாள்.

ஒளிக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? வாய் தன்பாட்டுக்கு, "நல்ல கேள்வி. சனிக்கிழமை வந்து கேளு" என்றது. உனக்குத் தெரியாததா? நம் ஊரில் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்கள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, கேள்வி தானாக அடங்கிவிடும். 'சனிக்கிழமை சார்' என்று என்னைக் கூப்பிட்டவர்களோடு சேர்ந்து நீயும் சிரித்தவள்தானே.

இங்கே சனிக்கிழமை காலையில் கதவு தட்டுகிற சத்தம். கைலியும் பனியனுமாகத் திறந்தால், படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள். முன்னால் பெரிய மனுஷி. "சார், சனிக்கிழமை" என்றாள். நான் என்ன செய்வேன்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமைகளில் கடைசி பஸ் மத்தியானமே ஓடிவிடும். ஏறி உட்கார்ந்தோம். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள், நாங்கள் மட்டும் இறங்கவில்லை. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார். பெரிய மனுஷி எழுந்து போய், என்னைக் காட்டிக் காட்டிப் பேசினாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். "சாருக்குத் தெரிஞ்சே ஆகணுமாம்னு சொன்னேன்" என்றாள்!

பஸ் செங்கல் சூளையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகைக்குள் போய் நின்றது. இரண்டு பெண்கள் வந்து குழாயைப் பிடித்துக் குளிப்பாட்டினார்கள். நனைந்த பஸ்ஸை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மழையில் பார்த்திருப்பேன், அது வேறு. பிள்ளைகளுக்கு ஏக திருப்தி. நானும் பெருமையாக, "சரி, திரும்பிப் போக அடுத்த பஸ் எப்போது?" என்று கேட்டேன்.

ஓட்டுநர் சொன்ன பதிலைப் பெரிய மனுஷி இங்கிலீஷில் சொன்னாள்: "இதுதான் சார் கடைசி பஸ்."

அறிவியல் வாத்தியார்! நடந்தோம். பாதி வழியில் அந்த ஓட்டுநரே சைக்கிளில் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். அவர் வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவாம். இரண்டு நாளாகக் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன் பாப்பா, நல்ல சனிக்கிழமை.

உடம்பைப் பார்த்துக்கொள். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் தூங்கு.

இப்படிக்கு,
அப்பா

*

ஆகஸ்ட் 24

அப்பாவுக்கு,

'அன்புள்ள' போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

பஸ் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டேன். சந்தோஷம். என் கேள்வி எங்கே போனது என்று இத்தனை பக்கத்தில் ஒரு வரி இல்லை.

நீங்கள் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று மறுபடி எழுதுகிறேன். குடிநீர் வாரியத்து ஆய்வகத்தில் தினமும் அதே குழாய்களின் அதே தண்ணீரை அதே பாட்டில்களில் பிடித்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். கடல்நீரை ஆராய்கிற கப்பலில் வேலைக்கு மனு போட்டேன். இரண்டு வருஷம் கடலில். எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன், கிடைத்துவிட்டது. அக்டோபர் 31-க்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்லியாக வேண்டும்.

அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான். அதனால் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் ஒரு வருஷம் வெளிநாட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிற வாரம் அது. புதன்கிழமை சாப்பிடும்போது கேட்டேன்: "அப்பா, நான் போகட்டுமா?" தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சனிக்கிழமை உக்காந்து பேசலாம்" என்றீர்கள். உங்கள் பயணம் ஞாயிற்றுக்கிழமை. சரி, ஒரு நாள் இருக்கிறதே என்று நானும் விட்டேன். வெள்ளிக்கிழமை காலையில், "பாப்பா, தேதி மாறிடுச்சு, இன்னைக்கு மத்தியானம் ஃப்ளைட்" என்று பெட்டியோடு நிற்கிறீர்கள்! விமான நிலையத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை தள்ளிப்போன பையன் முகம்.

மகளுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க நாடு விட்டு நாடு போன மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

நீங்கள் 'வேண்டாம்' என்றால் போகமாட்டேன். 'போ' என்றால் போவேன். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். பஸ் கதை வேண்டாம்.

சாவியைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இங்கேயும் அப்படித்தானே, ஒரு நாளாவது நீங்கள் சாவி போட்டுத் திறந்தது உண்டா? எப்போதும் பெல்தான். ஆனால் சிரிப்பு வேறு, கோபம் வேறு. கோபம் அப்படியே இருக்கிறது.

மகள்

*

செப்டம்பர் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் வந்தது. உன் விஷயம் மறக்கவில்லை. அவசரத்தில் சொல்லிவிடுகிற விஷயமா அது? யோசித்துக்கொண்டிருக்கிறேன். கப்பலில் சாப்பாடு எப்படியாம்? டாக்டர் ஒருவர் கூடவே இருப்பாரா? பெண்கள் எத்தனை பேர் போகிறார்கள்? இதெல்லாம் விசாரித்து எழுது.

இங்கே என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்த செய்தி வகுப்பு முழுக்கப் பரவி, இப்போது வாரம் ஒரு கேள்வி வரிசையில் நிற்கிறது. போன வாரக் கேள்வி: 'முடி வெட்டுகிறவருக்கு யார் முடி வெட்டுகிறார்கள்?' நேரே கடைக்கே போனோம். கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "என் சம்சாரம்" என்றார். அது போதாதா? போதாதாம். அவர் சம்சாரத்தைப் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா கையில் மாவோடு வெளியே வந்து, "நான்தான் வெட்டுறேன். அதனாலதான் அவர் எப்பவும் தொப்பி போட்டுக்கிறார்" என்றார். மறுபடி கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றச் சொன்னோம். கழற்றினார். பாவம், அந்த அம்மா சொன்னது உண்மைதான்.

இப்போது வந்திருப்பது கொஞ்சம் பெரிய கேள்வி. பெரிய மனுஷி வீட்டுக்குப் பின்னால் மலையிலிருந்து ஓர் ஓடை வருகிறது. நன்றாக ஓடி வருகிற தண்ணீர், ஒரு பாறைக்கு அடியில் இருக்கிற பொந்துக்குள் விழுந்து காணாமல் போய்விடுகிறது. நானே போய்ப் பார்த்தேன். குனிந்து காதை வைத்தால் உள்ளே எங்கேயோ இறங்குகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அது எங்கே வெளியே வருகிறது? அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறது என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கேயும் வராது, பூமி குடித்துவிடுகிறது என்கிறார். சுற்றுவட்டாரத்தில் மூன்று ஊற்றுகள் இருக்கின்றன. எது இது?

சாயம் கரைத்து ஊற்றினால், எந்த ஊற்றில் நிறம் வருகிறதோ அதுதான் என்று தெரிந்துவிடாதா? துணிக்குப் போடுகிற நீலம் கடையில் இருக்கிறது. ஒரு வாளி கரைத்து ஊற்றலாம் என்று இருக்கிறேன். நீதான் தண்ணீர்க்காரி. என்ன சொல்கிறாய்?

அப்பா

*

செப்டம்பர் 14

அப்பாவுக்கு,

சாயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. சனிக்கிழமை சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி

*

செப்டம்பர் 16, சனிக்கிழமை

மேலே இருப்பதை மட்டும் உறையில் போட்டு அனுப்பி உங்களைத் தவிக்கவிடத்தான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அதோடு, பதில் வருவதற்குள் நீங்கள் நீலத்தைக் கரைத்து ஊற்றிவிடுவீர்கள் என்ற பயம் வேறு.

நீலம் கூடவே கூடாது. அந்த ஊற்றுத் தண்ணீரை யாராவது குடிப்பார்கள். முதலில் அந்த ஊர்த் தண்ணீர் அலுவலகத்தில் சொல்லி, சரி என்று சொல்ல வையுங்கள். சொல்லாமல் செய்யாதீர்கள். இதோடு ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புகிறேன். நாங்கள் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்க வைத்திருக்கிற பொடி. பார்க்கச் செங்கல் நிறமாக இருக்கும், தண்ணீரில் விழுந்தால் பளிச்சென்று பச்சை. கெடுதல் கிடையாது. ஆனால் ஒரு சிட்டிகை போதும். மறுபடி சொல்கிறேன், ஒரு சிட்டிகை. நீங்கள் குழம்பில் உப்புப் போடுகிற மாதிரி போட வேண்டாம்.

மூன்று ஊற்றுகளிலும் ஆள் நிறுத்துங்கள். பொறுமையாக இருங்கள். பூமிக்கு அடியில் தண்ணீர் நாம் நினைக்கிற வேகத்தில் போகாது. வளைந்து நெளிந்து, அங்கங்கே தேங்கி, அது போகிறபோதுதான் போகும்.

கப்பல் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்: சாப்பாடு உண்டு, டாக்டர் உண்டு, பெண்கள் ஏழு பேர். போகலாமா கூடாதா என்பதற்கு உங்களிடமிருந்து பதில் இல்லை.

பச்சை எங்கே வந்தது என்று தெரிந்தவுடனே எழுதுங்கள். அதே நினைப்பாக இருக்கிறது. நேற்று ஆய்வகத்தில் ஒரு பாட்டிலில் சீட்டு ஒட்டும்போது, பாட்டிலின் எண்ணுக்குப் பதில் 'பொந்து' என்று எழுதிவிட்டேன்.

மகள்

*

அக்டோபர் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

தெரிந்துவிட்டது. ஆனால் நடந்ததை நடந்த மாதிரியே சொன்னால்தான் உனக்குப் புரியும். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்.

தண்ணீர் அலுவலகத்தில் இருந்த பெரியவர் உன் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, சீட்டைப் படித்துப் பார்த்து, "எனக்கும் தெரிஞ்சா நல்லதுதான்" என்று சரி சொன்னார். சனிக்கிழமை காலையில் மூன்று ஊற்றுகளுக்கும் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பினேன். நானும் பெரிய மனுஷியும் பொந்தின் வாயில். ஒரு சிட்டிகைதான் போட்டேன், சத்தியமாக. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டு உள்ளே போனது. அவ்வளவு அழகு, பாப்பா. அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு காத்திருந்தோம். மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. ஓர் ஊற்றிலிருந்து ஒருவன் ஓடி வந்து 'இல்லை' என்றான். இன்னொரு ஊற்றிலிருந்து ஒருத்தி வந்து 'இல்லை' என்றாள். சாயங்காலம் ஆகிவிட்டது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பிள்ளைகள் மேல் பழி போடமாட்டேன், செய்தது நான்தான். பொட்டலத்தை அப்படியே கவிழ்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் இல்லை. பூமி குடித்துவிடுகிறது என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

இன்று காலை வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை உள்ளே வந்தார். எப்போதும் வெள்ளைச் சட்டை போடுகிற அம்மா. நரைத்த தலை. அந்தத் தலை பச்சையாக இருந்தது. சட்டைக் காலர் பச்சையாக இருந்தது. ஒரு கையில் துவாலை, அதுவும் பச்சை.

"என் வீட்டுக் குழாய்ல காலையிலேர்ந்து இப்படித்தான் வருது. இதைப் பத்தி யாருக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

பதினான்கு விரல்களும் என்னைக் காட்டின.

அவர் வீடு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருக்கிறது. தோட்டத்து ஊற்றிலிருந்து குழாய் போட்டிருக்கிறார்கள். ஓடை முகட்டுக்கு அடியிலேயே புகுந்து அந்தப் பக்கம் போகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கே பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் மட்டும் ஆள் நிறுத்தியிருக்கிறேன்.

என் சோலி முடிந்தது, அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். பிறகு புத்தகங்களை மூடச் சொல்லி, வகுப்பு மொத்தத்தையும் தன் வீட்டுக் குளியலறைக்கு அழைத்துப் போனார். வரிசையாக நின்று ஒவ்வொருவரும் குழாயைத் திறந்து பார்த்தோம். பெரிய மனுஷி ஒரு கை அள்ளி, "இது எங்க வீட்டுத் தண்ணி" என்றாள். அவள் அம்மா அந்தப் பொந்துக்குப் பக்கத்தில்தான் துணி துவைப்பாராம். இனிமேல் வேறு இடம் பார்ப்பார்கள்.

கிளம்பும்போது தலைமையாசிரியை துவாலையைப் பிழிந்துகொண்டே, "எனக்கும் ஒரு கேள்வி இருக்கு சார். ஒரு சனிக்கிழமை வரேன்" என்றார். என்ன கேள்வியோ.

உன் கப்பல் விஷயம் மனசில் இருக்கிறது. எழுதுகிறேன்.

அப்பா

*

அக்டோபர் 12

அப்பாவுக்கு,

தலைமையாசிரியையின் தலையைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்து, மேலதிகாரியிடம் காரணம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒரு சிட்டிகை என்று எத்தனை தடவை எழுதினேன்? பச்சை இரண்டு மூன்று நாளில் போய்விடும் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். சட்டை போனது போனதுதான்.

உங்கள் நோய் எனக்கும் தொற்றிவிட்டது. போன சனிக்கிழமை நானே பஸ் பிடித்துத் துறைமுகத்துக்குப் போனேன். கப்பல் பழுதுபார்க்க வந்து நின்றிருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை. "ஒரு சந்தேகம் கேக்கணும், கேட்டுட்டுப் போயிடுறேன்" என்றேன். "என்ன சந்தேகம்?" என்றார். "இதுல என்னால இருக்க முடியுமான்னு" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு யாருக்கோ போன் போட்டார். சமையல்காரர் ஒருவர் இறங்கி வந்து கூட்டிப் போனார்.

அறை நம் வீட்டுக் குளியலறையைவிடச் சின்னது. கட்டில் ஒருக்களித்துப் படுக்கத்தான் காணும். ஆய்வக மேசைக்கு நாலு பக்கமும் விளிம்பு வைத்திருக்கிறார்கள், கப்பல் ஆடும்போது குடுவைகள் உருண்டு விழாமல் இருக்க. நாற்காலியைக்கூடத் தரையோடு கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மேசையில் கையை வைத்து நின்றேன். எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனசில்லை அப்பா. எழுத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன், எனக்குப் போக வேண்டும். ரொம்பவும் போக வேண்டும்.

திரும்பி வரும்போது கடைத்தெருவில், உங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரைப் பார்த்தேன். "சார் நல்லபடியா போய்ச் சேர்ந்தாரா? ஞாயித்துக்கிழமை டிக்கெட்ட வெள்ளிக்கிழமைக்கு மாத்தியே ஆகணும்னு புதன்கிழமை சாயங்காலம் அப்படி அவசரப்பட்டாரே" என்றார்.

புதன்கிழமை மத்தியானம்தான் நான் கேட்டேன்.

தேதி தானாக மாறவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் கோபம் வந்தது. அப்புறம் கோபமும் போய், ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது. என் ஒரு கேள்வியில் அப்படி என்ன பயம் உங்களுக்கு? 

அக்டோபர் 31 பக்கத்தில் வந்துவிட்டது. இனி நான் கேட்கமாட்டேன்.

மகள்

*

அக்டோபர் 21, சனிக்கிழமை

பாப்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே எழுத உட்கார்ந்து, ஒரு வரிகூட எழுதாமல் எழுந்துவிட்டேன். இன்று காலையில் படிக்கட்டில் சத்தம். இரண்டு சனிக்கிழமைகளாக விடாத மழை இன்றுதான் ஓய்ந்திருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் நிற்கிறார்கள். நடுவில் தலைமையாசிரியை, பச்சை போன தலையோடு.

"என் கேள்வியைக் கேக்க வந்திருக்கேன்" என்றார். "கேளுங்க" என்றேன்.

"தினமும் சாயங்காலம் நீங்க உங்க ரூம் கதவைத் தட்டிட்டு நிக்கிறீங்களாம். தையல்காரர் ஊரெல்லாம் சொல்லியாச்சு. உள்ள யாரும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் யாருக்காகத் தட்டுறீங்க?"

தையல்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வந்து கேளுங்கள் என்று சொல்ல முடியாது, வந்திருப்பதே சனிக்கிழமை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: "எங்க வீட்ல எப்பவும் உள்ள ஆள் இருக்கும். நான் பெல் அடிப்பேன், யாராவது வந்து திறப்பாங்க." பெரிய மனுஷி உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "இப்ப தட்டுங்க சார்" என்றாள். தட்டினேன். திறந்தாள். எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

ஆமாம், தேதியை மாற்றியது நான்தான். ஏன் என்று சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை உன் எதிரில் உட்கார்ந்திருந்தால் 'போகாதே' என்றுதான் சொல்லியிருப்பேன். வாயில் அதுதான் தயாராக இருந்தது. நீயும் சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருப்பாய், திங்கட்கிழமை பழையபடி பாட்டில் கழுவக் கிளம்பியிருப்பாய். அது எனக்கு நன்றாகத் தெரியும். வாயைக் கட்ட முடியாது என்று தெரிந்ததால் ஆளையே தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். 'போகாதே' என்று சொல்லாமல் தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதிதான் விமான நிலையத்தில் நீ பார்த்தது. ஆனால் 'போ' என்று சொல்லவும் தைரியம் இல்லை. இத்தனை நாளும் பஸ்ஸையும் தொப்பியையும் எழுதிக்கொண்டிருந்தது அதனால்தான்.

இப்போது சொல்கிறேன். போய்ட்டு வா, பாப்பா. அந்த மேசையில் கையை வைத்து நின்றாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் பலமுறை படித்தேன். போய்ட்டு வா.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் நான் திரும்பும்போது நீ கடலில் இருப்பாய். பூட்டிய வீட்டை நானே திறந்து உள்ளே போக வேண்டும். இந்த வயசு வரைக்கும் எனக்கு அது நேர்ந்ததில்லை. முதலில் உன் அம்மா இருந்தாள், அப்புறம் நீ இருந்தாய். ஆளில்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது? விளையாட்டாகக் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அப்பா

*

நவம்பர் 18, சனிக்கிழமை
கப்பலிலிருந்து

அன்புள்ள அப்பா,

'அன்புள்ள' போட்டிருக்கிறேன். கவனித்திருப்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நான் அதற்கு முந்தின சனிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் போகமாட்டேன் என்று சொன்ன பேச்சு அதோடு போயிற்று. நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தாலும் போயிருப்பேன். ஆனால் 'போய்ட்டு வா'வைப் படித்துவிட்டு, தபால்காரர் தெருமுனை திரும்புவதற்குள் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அது இல்லாமல் கப்பல் ஏறியிருந்தால், ஏறியிருப்பேன், ஆனால் இப்படி ஏறியிருக்கமாட்டேன்.

முதல் நாலு நாள் வாந்தி. சமையல்காரர் கஞ்சியைத் தவிர எதையும் கண்ணில் காட்டவில்லை. இப்போது பரவாயில்லை. நேற்று ரொம்ப ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்தோம். கையில் வாங்கினால் பனிக்கட்டி மாதிரி இருக்கிறது. மேலே வெயில் கொளுத்துகிறது, கீழே இது. எத்தனை காலமாக வெளிச்சமே படாமல் இருந்த தண்ணீரோ என்று குடுவையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பெரிய மனுஷியிடம் சொல்லுங்கள்: அவள் அப்பா கடலுக்குப் போகிறது என்று சொன்னதும் ஒரேயடியாகத் தப்பில்லை. குளியலறை வழியாக, கொஞ்சம் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான். இங்கே பச்சை தெரிந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கப்பலில் சனிக்கிழமை விடுமுறை கிடையாது, தள்ளிப்போட வழியில்லை. பதில் எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை உங்களை ஏற்றிவிட்டு, ஆளில்லாத வீட்டுக்குள் போனவள் நான்தானே.

பெல் அடியுங்கள். அடிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் அடித்தேன். பையில் சாவி இருந்தது, இருந்தாலும் அடித்தேன். உள்ளே அது ஒலிக்கிறது வெளியில் கேட்கும். யாரும் வரமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திறவுங்கள். பூட்டு மழைக்கு இறுகியிருக்கும், கதவை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும்.

உள்ளே போனதும் ஹாலில் உட்கார்ந்துவிடாதீர்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. நேரே அடுப்படிக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். எதற்கு என்று யோசிக்க வேண்டாம். வீட்டில் ஏதாவது ஒன்று சத்தம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதற்குத்தான். அது கொதிக்கிற நேரத்தில் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அப்புறம் டீ போடுங்கள். டீத்தூள் மேல் தட்டில், பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

கை தன்பாட்டுக்கு இரண்டு டம்ளரை எடுக்கும். ஒன்றைத் திருப்பி வைத்துவிடுங்கள். நான் அன்றைக்கு வைக்கத் தோன்றாமல் இரண்டிலும் ஊற்றிவிட்டேன். முதலில் என்னுடையதைக் குடித்தேன். ஆறிப்போகிறதே என்று, உங்களுடையதையும் குடித்தேன்.

இப்படிக்கு,
பாப்பா